மருத்துவமனை ஏஐ ஆளைக் கொல்லுமா? த்ரில்லர் வாசகருக்கு ஓர் எளிய விளக்கம்

மருத்துவத் த்ரில்லர்களில் ஏஐ நுழைந்தால் கதை பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடும். பெரிய தனியார் மருத்துவமனை, அடித்தளத்தில் குளுகுளு சர்வர் அறை. நள்ளிரவில் இயந்திரம் தானாக ஒரு முடிவுக்கு வருகிறது: 14-ம் படுக்கைக்காரர் பிழைக்க வேண்டாம். இன்சுலின் பம்ப்பின் வேகம் கூடுகிறது, மானிட்டரில் நேர்கோடு ஓடுகிறது, புதிதாக டியூட்டிக்கு வந்த இளம் டாக்டருக்கு மட்டும் சந்தேகம் தட்டுகிறது. வாசிக்க விறுவிறுப்புதான், சந்தேகமில்லை. ஆனால் இதையே திரும்பத் திரும்பப் படித்ததில், மருத்துவமனை ஏஐ என்றாலே யோசிக்கிற, தீர்மானிக்கிற, ஒளித்து வைக்கிற ஓர் ஆள் என்ற படம் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்று வார்டுகளில் ஓடும் ஏஐக்குக் கெட்ட எண்ணமும் கிடையாது, நல்ல எண்ணமும் கிடையாது. அது தருவது ஓர் எண். எண் ஒரு கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கும். மணி அடித்தால் யாராவது எழுந்து வந்து பார்க்க வேண்டும். இந்த எண், கோடு, எழுந்து வருகிற ஆள் மூன்றில் ஏதோ ஒன்று பிசகும்போதுதான் நோயாளி சிக்குகிறார். அந்த மூன்றும் எப்படிப் பிசகும் என்று புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. பால் வாங்கிய அனுபவம் போதும்.

பால்மானியிலிருந்து தொடங்கலாம்

பால் சொசைட்டியில் பால்மானியை மிதக்கவிட்டுப் பார்த்திருப்பீர்கள். அது காட்டும் எண்ணைப் பார்த்து "தண்ணி கலந்திருக்கு" என்பார்கள். உண்மையில் பால்மானிக்குத் தண்ணீரும் தெரியாது, கலப்படமும் தெரியாது. அது அளப்பது அடர்த்தியை மட்டும். நல்ல பால் தண்ணீரைவிடச் சுமார் 3 சதவீதம் கனம். தண்ணீர் ஊற்றினால் கனம் குறையும், மானி கீழே அமிழும், ஊற்றியவர் மாட்டிக்கொள்வார்.

விஷயம் தெரிந்தவர் என்ன செய்வார்? முதலில் ஆடையை எடுத்துவிடுவார். கொழுப்பு லேசானது என்பதால், அதை எடுத்தால் மீதிப் பால் கனமாகும். பிறகு அளவாகத் தண்ணீர் ஊற்றுவார். கனம் பழைய இடத்துக்கே வந்துவிடும். மானி "நல்ல பால்" என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை. நாம் கேட்டது பாலின் தரத்தை, அது சொன்னது அடர்த்தியை. இதனால்தான் சொசைட்டிகளில் கொழுப்பைத் தனியாகவும் அளக்கிறார்கள்.

நாம் அறிய விரும்புவது ஒன்று, அளக்க முடிவது வேறொன்று. அறிய விரும்புவதற்குப் பதிலாக அளக்கப்படும் அந்த இன்னொன்றைப் 'பதிலி' என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனை ஏஐயின் பாதிப் பிரச்சினைகள் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

எண் எப்படிப் பிறக்கிறது

1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மைசின் என்ற நிரல் இருந்தது. ரத்தத்தில் தொற்று வந்தவருக்கு எந்த ஆன்டிபயாடிக் என்று ஆலோசனை சொல்லும். டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு "இப்படி இருந்தால் இதைச் செய்" என்று சுமார் 600 விதிகளை மனிதர்களே எழுதிக் கொடுத்தார்கள். சோதனையில் நன்றாகவே தேறியது. ஆனால் வார்டில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை.

இன்றைய முறை வேறு. விதிகளை யாரும் எழுதித் தருவதில்லை. பழைய நோயாளிகளின் பதிவுகளை ஆயிரக்கணக்கில் கொடுப்பார்கள்: வயது, பல்ஸ், பிபி, காய்ச்சல், ரத்தப் பரிசோதனை முடிவுகள், கடைசியில் இவருக்கு அந்த நோய் வந்ததா இல்லையா என்ற விடை. எந்தத் தகவலுக்கு எவ்வளவு எடை போட்டால் விடை அதிகம் பொருந்துகிறது என்று நிரல் மாற்றி மாற்றிப் பார்த்து, ஒரு கணக்கில் வந்து நிற்கும். அந்தக் கணக்குக்குப் பெயர்தான் மாடல். புது நோயாளியின் தகவலை அதில் போட்டால் வெளியே வருவது ஸ்கோர்.

டிஸ்சார்ஜ் சம்மரி எழுதித் தரும் சாட்பாட் வகை ஏஐ தனி ரகம். அதன் கோளாறுகளும் தனி. இந்தக் கட்டுரை ஸ்கோர் போடும் ரகத்தைப் பற்றியது. நோயாளியின் உயிரோடு நேரடியாக உரசுவது இதுதான்.

எல்லோரையும் பார்த்துக் குரைக்கிற நாய்

ஸ்கோர் வந்துவிட்டது. எவ்வளவுக்கு மேல் போனால் மணி அடிப்பது? இந்தக் கோட்டை கட்-ஆஃப் என்பார்கள். அதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவர் மனிதர். இயந்திரம் தீர்மானிப்பதாக நினைப்பவர்கள்தான் அதிகம்.

வீட்டில் நாய் வளர்ப்பவருக்கு இது புரியும். வாசல் பக்கம் யார் போனாலும் குரைக்கிற நாய் ஒரு திருடனையும் தவறவிடாது. ஆனால் தபால்காரர், கீரைக்காரம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லோருக்கும் சேர்த்தே குரைக்கும். ஒரு மாதத்தில் வீட்டுக்காரர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கப் பழகிவிடுவார். எதற்கும் லேசில் குரைக்காத நாய் என்றால் தூக்கம் நிம்மதி. திருடனும் நிம்மதியாக வந்து போவான்.

கட்-ஆஃபைக் கீழே இறக்கினால் அதிக நோயாளிகள் பிடிபடுவார்கள், வெட்டி அலர்ட்டும் கூடும். மேலே ஏற்றினால் இரண்டும் குறையும். இரண்டையும் ஒரே சமயத்தில் சரிசெய்யும் கோடு கிடையாது. நல்ல மாடல் இந்தப் பேரத்தைச் சற்று மலிவாக்கும், அவ்வளவே.

இன்னொன்று. திருடன் வருடத்துக்கு ஒருமுறை வருகிறான், தபால்காரர் தினமும் வருகிறார். எனவே நாய் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அது குரைத்த நேரங்களில் பெரும்பாலும் வாசலில் நிற்பது தபால்காரராகத்தான் இருக்கும். அரிதான நோயைத் தேடும் எந்தக் கருவிக்கும் இதே கதிதான். "95 சதவீதம் துல்லியம்" என்று விளம்பரத்தில் பார்த்தால், அந்த நோய் நூற்றில் எத்தனை பேருக்கு வருகிறது என்று கேளுங்கள். ஐந்து பேருக்கு மட்டுமே வருகிற நோயில், "யாருக்கும் நோய் இல்லை" என்று எழுதி ஒட்டிவைத்த அட்டைகூட 95 சதவீதம் துல்லியம்தான்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: மாடல் பழைய பதிவுகளிலிருந்து ஒரு கணக்கைக் கற்கிறது, கணக்கு ஸ்கோர் தருகிறது, மனிதர் வைத்த கட்-ஆஃபைத் தாண்டினால் அலர்ட் வருகிறது. இனி நிஜ வார்டுக்குப் போகலாம்.

மிச்சிகனில் அடித்த மணி

செப்சிஸ் என்பது உடம்புக்குள் புகுந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய படை கட்டு மீறி, சொந்த உறுப்புகளையே சேதப்படுத்தத் தொடங்கும் நிலை. பல்ஸ் ஏறும், மூச்சு வாங்கும், பிபி இறங்கும், சிறுநீர் குறையும், ரத்தத்தில் லாக்டேட் என்ற வேதிப்பொருள் கூடும். தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலவே இருக்கும் என்பதுதான் இதன் கொடுமை. ஷாக் நிலைக்குப் போனவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போகவேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். ஆக, முன்கூட்டியே எச்சரிக்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான நோய் கிடையாது.

அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளிப் பதிவுக்கு அதிகம் பயன்படும் மென்பொருள்களில் ஒன்று எபிக். அதனுடனேயே ஒரு செப்சிஸ் மாடலும் வந்தது. நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் அதை இயக்கத் தொடங்கின. வெளி ஆட்கள் அதை முறையாகச் சோதித்த முடிவு 2021-ல்தான் ஒரு மருத்துவ இதழில் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில், 38,455 நோயாளிச் சேர்க்கைகளை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். கட்-ஆஃப் 6.

அந்த எண்களை 100 படுக்கை வார்டாகச் சுருக்கிப் பார்த்தால் சட்டென்று புரியும். 100 பேரில் 7 பேருக்கு செப்சிஸ். மாடல் 18 பேருக்கு மணி அடித்தது. அந்த 18-ல் உண்மையாகவே செப்சிஸ் இருந்தது 2 பேருக்கு. 16 வெட்டி மணி. மீதி 5 செப்சிஸ் நோயாளிகளுக்கு மணியே அடிக்கவில்லை.

நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது என்பதற்கு சென்சிடிவிட்டி என்று பெயர். இங்கே அது 33 சதவீதம். அடித்த மணிகளில் உண்மை எத்தனை என்றால் 12 சதவீதம். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். செய்தித்தாள்கள் இரண்டையும் "துல்லியம்" என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவது வழக்கம்.

இரவு டியூட்டி நர்ஸின் இடத்தில் நின்று இதைப் பாருங்கள். ஓர் உண்மை நோயாளியைக் கண்டுபிடிக்க எட்டுப் படுக்கைக்கு எழுந்து போகவேண்டும். ஒவ்வொரு முறையும் பிபி எடுக்க வேண்டும், கேஸ் ஷீட்டைப் புரட்ட வேண்டும், தூங்கிக்கொண்டிருக்கும் டியூட்டி டாக்டரை எழுப்ப வேண்டும். ஏழாவது முறை எழுப்பும்போது அந்த டாக்டரின் குரல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எட்டாவது மணிக்கு நர்ஸின் விரல் 'பார்த்தாகிவிட்டது' பட்டனை நோக்கித் தானாகப் போகும். இதை அலர்ட் களைப்பு என்கிறார்கள். அந்த எட்டாவது நோயாளி யாரென்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

குட்டு வெளிப்பட்ட பின் குறி சொல்வது

மாடல் ஏன் இவ்வளவு மோசமாகப் போனது? ஒரு காரணம், அதற்குக் கொடுத்த தகவல்களில் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதியதும் ஒன்றாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். டாக்டர் எப்போது ஆன்டிபயாடிக் எழுதுவார்? அவருக்கே செப்சிஸ் சந்தேகம் வந்த பிறகு. அவர் மருந்து எழுதிய உடனே மாடலின் ஸ்கோர் ஏறும், மணி அடிக்கும். காகிதத்தில் பார்த்தால் மாடல் நோயைக் கண்டுபிடித்துவிட்டது. வார்டில் பார்த்தால், டாக்டரின் கையெழுத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறது. பரீட்சைக்கு முன்பே விடைத்தாளின் ஓரம் மாணவன் கண்ணில் பட்டதுபோல, வரவேண்டிய விடை முன்தகவலோடு கலந்துவிடும் இந்தக் கோளாறுக்குக் கசிவு என்று பெயர். பின்னர் அந்த நிறுவனம் மாடலைத் திருத்தியது.

2024-ல் மிச்சிகன் ஆய்வாளர்கள் இந்தக் கசிவை எண்ணாகவே அளந்து காட்டினார்கள். அளவுகோல் இது: செப்சிஸ் உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் குலுக்கல் முறையில் எடுத்தால், உள்ளவருக்கு மாடல் அதிக ஸ்கோர் போடும் வாய்ப்பு எவ்வளவு? 50 சதவீதம் என்றால் காசு சுண்டிப் போடுவதற்குச் சமம். நோயாளி மருத்துவமனையில் இருந்த காலம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 87 சதவீதம் வந்தது. செப்சிஸ் அடையாளங்கள் முழுதாகத் தெரிவதற்கு முந்திய தகவலை மட்டும் வைத்தால் 62. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு டாக்டர் எழுதுவதற்கு முந்திய நேரத்தை மட்டும் வைத்தால் 53.

ஒரே மாடல், ஒரே நோயாளிகள். எந்த நேரத்தில் கேட்கிறோம் என்பதில்தான் 87-க்கும் 53-க்கும் உள்ள வித்தியாசம். விற்பவர் எந்த எண்ணைச் சொல்வார் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

தவறான கேள்விக்குச் சரியான விடை

இப்போது பால்மானிக்குத் திரும்புவோம்.

1990-களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யார் இறக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லும் மாடல்களைச் செய்து பார்த்தார்கள். பதிவுகளிலிருந்து கற்ற விதிகளில் ஒன்று விசித்திரமாக இருந்தது: ஆஸ்துமா இருப்பவருக்கு நிமோனியா வந்தால் ஆபத்து குறைவு.

எந்த டாக்டரைக் கேட்டாலும் சிரிப்பார். ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா வந்தால் ஆபத்து அதிகம். ஆனால் பதிவேடு சொன்னது பொய்யில்லை. ஆஸ்துமா இருக்கிறது என்றாலே டாக்டர்கள் பதறிப்போய் அவரை நேராக ஐசியூவுக்கு அனுப்பினார்கள். அந்தக் கவனிப்பால் அவர்கள் அதிகம் பிழைத்தார்கள். மாடலுக்குக் கிடைத்தது பிழைத்த கணக்கு மட்டும். யார் பதறியது என்ற கதை அதில் இல்லை. அந்த மாடலை நம்பி ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், பிழைக்கவைத்த காரணத்தையே பிடுங்கியிருப்போம்.

இந்தப் பிழை கண்ணில் பட்டதற்குக் காரணம், விதிகளை வாசிக்கக்கூடிய எளிய மாடலும் அங்கே கையில் இருந்தது. அதே பதிவுகளில் பயின்ற, உள்ளே பார்க்க முடியாத சிக்கலான மாடல் இன்னும் நன்றாகவே ஸ்கோர் போட்டது. அதற்குள்ளும் இதே விதி புதைந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் அதை நோயாளிகளிடம் கொண்டுபோகவில்லை.

இரண்டாவது உதாரணம் 2019-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று வரிசைப்படுத்தும் ஒரு நிரல். 'தேவை'யை அளக்க வழியில்லை, எனவே பதிலியாக 'வருங்கால மருத்துவச் செலவு' என்று வைத்தார்கள். நோய் அதிகம் என்றால் செலவும் அதிகம், நியாயம்தானே? ஆனால் கறுப்பினத்தவருக்கு மருத்துவ வசதி எட்டுவதே கடினம் என்பதால், அதே அளவு நோய் இருந்தும் அவர்களுக்காகச் செலவானது குறைவு. நிரல் அவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று கணக்குப் போட்டது. இந்தப் பாகுபாட்டைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக ஏறும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். இனம் என்ற தகவலை அந்த நிரலுக்குக் கொடுக்கவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆடை எடுத்த பால் போலத்தான்.

எக்ஸ்ரே மூலையில் கிடந்த துண்டு

எக்ஸ்ரே எடுக்கும்போது இடது, வலது தெரிவதற்காக டெக்னீஷியன் ஒரு சின்ன உலோக எழுத்தை ஓரத்தில் வைப்பார். படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். ஒவ்வொரு மருத்துவமனையிலும் அந்தத் துண்டின் வடிவம், வைக்கும் இடம் கொஞ்சம் மாறும்.

2018-ல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனை உள்பட மூன்று இடங்களின் நெஞ்சு எக்ஸ்ரேக்களை வைத்து நிமோனியா மாடல் ஒன்றைச் சோதித்தார்கள். மவுண்ட் சைனாய் படங்களில் நிமோனியா 34 சதவீதம். இன்னோர் இடத்தின் படங்களில் 1.2 சதவீதம்தான். ஆக, நுரையீரலைப் பார்க்காமலேயே, "இது எந்த மருத்துவமனைப் படம்" என்று தெரிந்தாலே பாதி மார்க் வாங்கிவிடலாம். மாடல் அந்த வழியைத்தான் பிடித்தது. படம் எங்கே எடுத்தது என்பதை ஏறத்தாழத் தவறே இல்லாமல் சொல்ல முடிந்தது. அதற்கு உதவிய இடங்களில் அந்த உலோகத் துண்டும் ஒன்று.

இதைக் குறுக்குவழிக் கற்றல் என்கிறார்கள். கோனார் உரையின் பக்க எண்ணை வைத்து விடையை மனப்பாடம் செய்த பையனைப் போல. புத்தகம் மாறினால் தடுமாறுவான். மாடலும் புது மருத்துவமனைப் படங்களைக் கொடுத்ததும் மார்க் குறைந்தது.

கோவிட் காலத்தில் இது கேலிக்கூத்தாகவே ஆனது. பல ஆய்வுகளில் 'கோவிட் இல்லாத' படங்களாகக் குழந்தைகளின் நெஞ்சு எக்ஸ்ரேக்களைப் போட்டிருந்தார்கள். மாடல் கற்றது கோவிட்டை இல்லை, வயதை. 2021-ல் வெளியான ஒரு பரிசீலனை 62 ஆய்வுகளை நுணுக்கமாகப் பார்த்தது. நேரடியாக நோயாளியிடம் கொண்டுபோகும் தரத்தில் ஒன்றுகூட இல்லை.

மதுரையில் பயின்றது, தாய்லாந்தில் திணறியது

சர்க்கரை நோயால் விழித்திரை பழுதாவதைப் புகைப்படத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கூகுளின் மாடல் 2016-ல் பெரிய செய்தியானது. பயிற்சிக்குப் பயன்பட்ட 1,28,175 படங்களில் அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா படங்களும் உண்டு. கண் டாக்டர்களுக்கு இணையாகத் தேறியது. இதில் மாடலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் நிஜமாகப் பயன்படுத்திப் பார்த்து, 2020-ல் அனுபவத்தை வெளியிட்டார்கள். விழித்திரைப் படம் எடுக்க அறை இருட்டாக இருக்க வேண்டும். இருட்டில்தான் கண்பாவை விரியும். பல கிளினிக்குகளில் அப்படி ஓர் அறை இல்லை. 1,838 படங்களில் 21 சதவீதத்தை "தெளிவில்லை" என்று மாடல் திருப்பி அனுப்பியது. தன் கண்ணால் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்று நர்ஸுக்கு எரிச்சல். திருப்பி அனுப்பப்பட்டால் விதிப்படி நோயாளி வேறோர் ஊரில் உள்ள நிபுணரிடம் போகவேண்டும். அன்றைய கூலி போச்சு. ஓரிடத்தில் இன்டர்நெட் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டதால், 200 பேரைப் பார்க்கவேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது.

நாவலாசிரியர்கள் இந்த ரகத் தோல்வியைத் தொடுவதே இல்லை. திரைச்சீலை இல்லாத ஜன்னல் வில்லனாக இருந்தால் யார் படிப்பார்கள்?

மீண்டும் ஒருமுறை சுருக்கமாக: மாடல் பதிலியை அளந்திருக்கலாம், விடை கசிந்த தகவலில் பயின்றிருக்கலாம், குறுக்குவழியைக் கற்றிருக்கலாம், பயின்ற இடமும் வேலை செய்யும் இடமும் வேறாக இருக்கலாம். நான்கிலும் கம்ப்யூட்டர் 'பழுது' கிடையாது. அது சொன்னபடிதான் செய்கிறது.

'பி' என்ற ஓர் எழுத்து

எண், கோடு, ஆள் மூன்றில் கடைசியான மனிதரைப் பற்றிப் பேசும்போது தெராக்-25 நினைவுக்கு வராமல் போகாது. அதில் ஏஐ துளியும் இல்லை. கனடாவில் தயாரான, கணினியால் இயங்கும் புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு மிதமிஞ்சிய கதிர்வீச்சு போனது.

1986 மார்ச், டெக்சாஸ் மாநிலம் டைலர். ஆபரேட்டர் அனுபவசாலி, விரல் வேகமாக ஓடும். எலெக்ட்ரான் சிகிச்சைக்கு 'இ' அடிக்க வேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தில் எக்ஸ்ரேக்கான 'எக்ஸ்' விழுந்துவிட்டது. உடனே கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்தினார். உள்ளே காந்தங்கள் தயாராவதற்குச் சுமார் 8 வினாடி ஆகும். அதற்குள் நடந்த திருத்தத்தை மென்பொருள் கவனிக்கவில்லை. திரையில் 'இ' என்று சரியாகவே காட்டியது. உள்ளே பாய்ந்தது எக்ஸ்ரேக்கான கொடூர வலுவுள்ள கற்றை, அதை மட்டுப்படுத்தும் தகடு இல்லாமல்.

திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. கையேட்டில் அதற்கு உருப்படியான விளக்கம் இல்லை. குறைவான டோஸ்தான் போயிருக்கிறது என்று திரை வேறு காட்டியது. இப்படிச் சில்லறைப் பிழைச் செய்திகள் தினமும் பலமுறை வரும். 'தொடர்க' என்பதற்கான 'பி' எழுத்தை அழுத்தினால் வேலை நடக்கும். ஆபரேட்டர் 'பி' அழுத்தினார். இரண்டாவது கற்றையும் பாய்ந்தது. அன்று பார்த்து அறையின் வீடியோ திரை இணைக்கப்படவில்லை, இன்டர்காமும் பழுது. உள்ளே நோயாளி துடித்தது வெளியே கேட்கவில்லை. 180 ராட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) போகவேண்டிய இடத்தில் 16,000-க்கு மேல் போயிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஐந்து மாதத்தில் அவர் இறந்தார்.

இதற்கு முந்தைய இயந்திரமான தெராக்-20-லும் இதே பிழை இருந்தது. ஆனால் அதில் தனியாக மின்சாரத் தடுப்புகள் இருந்ததால் ஃபியூஸ் போகும், அத்துடன் சரி. புதிய இயந்திரத்தில் "மென்பொருளே பார்த்துக்கொள்ளும்" என்று அந்தத் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள்.

செப்சிஸ் மணியை மூடும் நர்ஸின் விரலும், 'பி' அழுத்திய விரலும் ஒன்றுதான். தேவையில்லாமல் நூறு தடவை கூப்பிட்ட இயந்திரம், நூற்றொன்றாவது தடவைக்கு ஆளைப் பழக்கி வைத்துவிடுகிறது.

நன்றாக ஓடும் இடங்களும் உண்டு

இவ்வளவையும் படித்துவிட்டு ஏஐ என்றாலே ஆகாது என்று நினைத்தால் அதுவும் பிசகு. ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த ஐந்து மருத்துவமனைகளில் வேறொரு செப்சிஸ் மாடலைப் பயன்படுத்தினார்கள். 2022-ல் வந்த முடிவில், அலர்ட்டை மூன்று மணி நேரத்துக்குள் டாக்டர் பார்த்து உறுதிசெய்த நோயாளிகளிடையே இறப்பு மற்றவர்களைவிட 18.7 சதவீதம் குறைவு. சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையில்லை என்பதால் முழுப் பெருமையையும் மாடலுக்குக் கொடுக்க முடியாது. என்றாலும், "மூன்று மணி நேரத்துக்குள் டாக்டர் பார்த்து" என்பதைக் கவனியுங்கள்.

சுவீடனில் 80,033 பெண்களை வைத்து நடந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முறையாகக் குலுக்கிப் பிரித்து நடந்தது. வழக்கமாக ஒவ்வொரு படத்தையும் இரண்டு ரேடியாலஜிஸ்ட் பார்ப்பார்கள். இங்கே ஏஐ ஸ்கோர் குறைவான படத்தை ஒருவரும், அதிகமானதை இருவரும் பார்த்தார்கள். படம் வாசிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய் ஆயிரத்துக்கு 5.1-லிருந்து 6.1 ஆனது. காரணம் எளிது: இங்கே ஏஐ மணி அடித்து யாரையும் எழுப்பவில்லை. ஏற்கெனவே படம் பார்க்க உட்கார்ந்திருப்பவருக்கு எதை அதிகம் கவனிக்கலாம் என்று வரிசை போட்டுத் தந்தது.

நாவல் எழுதப் போகிறவருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

ஸ்கோர் போடும் மாடல் பொதுவாக இன்சுலின் பம்ப்பைத் தொடாது. பதிவு மென்பொருளும் பம்ப்பும் வேறு வேறு பெட்டி. எனவே நள்ளிரவில் ஏஐ பம்ப்பைத் திருகும் காட்சிக்கு நிறைய சால்ஜாப்பு சொல்ல வேண்டியிருக்கும்.

கட்-ஆஃபை மாற்றுவது அப்படியில்லை. "அலர்ட் தொல்லை தாங்கவில்லை" என்று வார்டிலிருந்து புகார் வந்ததும், ஒரு கமிட்டி கூடி 6-ஐ 8 ஆக்குவது நடக்கக்கூடியது, நியாயமானதும்கூட. அந்த மீட்டிங்கில் இருந்த எல்லோரும் நல்லவர்கள். இனி யாருக்கு மணி அடிக்காது என்ற பட்டியல் மட்டும் அங்கே யார் கையிலும் இருக்காது.

லேப் மெஷினை மாற்றுவதும் நல்ல இடம். அலகு மாறினால், அல்லது ஒரு பரிசோதனையின் பெயர் பட்டியலில் மாறினால், மாடலுக்கு அந்தத் தகவல் வராமலே போகலாம். பல மாடல்கள் காலி இடத்தை 'இயல்பு அளவு' என்று எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடும். மணி அடிக்காத காரணத்தை வார்டில் யாரும் தேடமாட்டார்கள். அடித்தால்தானே தேடுவார்கள்.

உங்கள் கதாநாயகிக்குக் கிடைக்கக்கூடிய சாட்சியம் சர்வர் அறையில் ஒளிந்திருக்காது. பதிவு மென்பொருளின் லாகில் (நேரவாரியான பதிவேட்டில்), யார் வேண்டுமானாலும் தூங்கிவழியக்கூடிய அட்டவணையாக இருக்கும்: 2:10-க்கு ஸ்கோர் 7, அலர்ட். 2:11-க்கு ஒருவர் 'பார்த்தாகிவிட்டது'. 6:40-க்கு ஆன்டிபயாடிக். 'பார்த்தாகிவிட்டது' அழுத்தியவரின் பெயரை எடுத்துக்கொண்டு விசாரணைக் கமிட்டி கிளம்பிவிடும். அதற்கு முன் அவள் இன்னும் ஒரு வரிசையைக் கேட்டு வாங்கட்டும்: அந்த இரவில், அந்த ஒரே நர்ஸுக்கு, 2:10-க்கு முன்னால் எத்தனை அலர்ட் வந்திருந்தது?